காளானை அறிந்து உண்போம்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் காளானைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணலாம். வறுமையில் வாடிய பெருந்தலைச் சாத்தனார், சமையலை மறந்த தம் அடுப்பில் காளான் பூத்ததைக் குமண வள்ளலிடம் பாடினார். புறநானூற்றில் அது பசியின் அடையாளம். நம் தாய்மார்கள் மழைக்குப் பின் வேலியோரத்திலும் புற்றுமேட்டிலும் பறித்து வந்த காளானோ பசியைத் தீர்த்த உணவு. நல்லதைத் தேர்ந்தெடுக்கும் அறிவு அவர்களிடம் இருந்தது, ஏட்டில் ஏறவில்லை. அவ்வறிவு மறைந்து ஆசை மட்டும் எஞ்சினால் உயிருக்கே ஆபத்து.

பெரிய புற்றுக் காளானை எடுத்துக்கொள்வோம். கறையான் தன் புற்றுக்குள் பேணி வளர்க்கும் பூஞ்சையிலிருந்து அது முளைக்கிறது. தண்டு வேர்போல் நீண்டு புற்றின் அறை வரை இறங்கும். குடையின் நடுவே கூரிய முகடு இருக்கும். குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து ஓர் இரவு வைத்தால் இளஞ்சிவப்பான தூள் படியும். பச்சை நிறத் தூள் படிந்தால் உண்ணலாகாது. தண்டின் அடியில் பை போன்ற உறை இருப்பின் தொடவே வேண்டா. ஆகவே அறுத்தெடுக்காமல் அடியோடு தோண்டிப் பார்க்க வேண்டும். ஓர் அடையாளம் மட்டும் போதாது. எல்லாம் பொருந்தி, பழகிய பெரியவரும் உறுதி கூறினாலன்றி உண்ணாதீர்கள்.

வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நல்லது, பூச்சி தின்றிருந்தால் நல்லது என்பவை பொய்யான சோதனைகள். கொடிய நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. உண்டு 6 மணி நேரத்திற்குப் பின்னரே வாந்தியும் பேதியும் தோன்றலாம். இடையில் குணமானதுபோல் காட்டிக் கல்லீரலை அழிக்கும். ஐயம் எழுந்தவுடன், எஞ்சிய காளானுடன் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

சத்தைப் பற்றியும் மிகைப்படுத்த வேண்டா. 100 கிராம் பச்சைக் காளானில் ஏறத்தாழ 90 கிராம் நீர். புரதம் சுமார் 3 கிராம். ஒரு முட்டையிலோ சுமார் 6 கிராம் உண்டு. காளானில் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் உள்ளன. வெயிலில் காயவைத்தால் வைட்டமின் டி உண்டாகும். எனினும் பருப்புக்கும் முட்டைக்கும் இறைச்சிக்கும் அது துணையே, மாற்று அன்று.

புற்றுக் காளானை இன்றுவரை பண்ணையில் வளர்க்க இயலவில்லை. ஆனால் 1974ஆம் ஆண்டில் வங்காளத்து அறிஞர்கள் விவரித்த காட்டுக் காளான் ஒன்று, பால் காளான் என்னும் பெயருடன் இன்று வைக்கோலில் வளர்கிறது. நமது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதன் ஏ.பி.கே. 2 ரகத்தை வெளியிட்டது. வெப்பத்தைத் தாங்கும் அக்காளானைச் சிறு கொட்டகையிலேயே வளர்க்கலாம். ஏழையின் உணவென்று இகழப்பட்டது இன்று கடையில் நல்ல விலைக்கு விற்கிறது!

இளைஞர்களே! உங்கள் பாட்டிமார் அறிந்த காளான்களின் பெயர், இடம், பருவம், அடையாளம் ஆகியவற்றை ஏட்டில் எழுதுங்கள். எழுத்தறியாத அவர்களும் நமக்கு ஆசிரியர்களே. அவர்கள் அறிவை ஆய்வறிவோடு சேர்த்துக் காப்பதும் கல்விப் பணியே.