கொதித்தாலும் திரியாத புரதம்



கோவை பீளமேட்டில் டீ குடிக்கப் பேக்கரிக்குத்தான் போவோம். ஹோப் காலேஜ் சிக்னல் பக்கம் எந்தப் பேக்கரியில் நின்றாலும், பால் சட்டி காலையிலிருந்து ராத்திரி வரை அடுப்பிலேயே இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் முட்டை பப்ஸ் அடுக்கியிருக்கும். பால், முட்டை இரண்டிலும் புரதம் உண்டு. சூடு பட்டதும் முட்டை கெட்டியாகிவிட்டது. பாலோ மணிக்கணக்காகக் கொதித்தும் திரியவில்லை. ஏன்?

வெள்ளைக்கருவில் உள்ள புரதங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வடிவத்தில் மடிந்தவை. தண்ணீர் ஒட்டாத பகுதிகளை உள்ளே ஒளித்து வைத்திருக்கும். சூட்டில் மடிப்பு அவிழ்ந்ததும் அவை வெளியே வந்து, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், முட்டை வெந்துவிடும். பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நாலு பங்கு கேசீன். அதற்கு நிலையான மடிப்பே கிடையாது. அவிழ்வதற்கு ஒன்றும் இல்லை என்றால் சூடு என்ன செய்யும்? எலுமிச்சை பிழிந்தால்தான் திரியும். மடிப்பு இல்லாதது கேசீனின் குறை அல்ல. இப்படித் தளர்ந்து கிடப்பதால்தான் கன்றுக்கு வேண்டிய கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் அது கல்லாக உறைய விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

ஆய்வுக்கூடத்திலும் இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்துகிறார்கள். உடைத்த செல்களின் சாற்றைக் கொதிக்க வைத்தால் மடிந்த புரதங்கள் திரிந்து அடியில் தங்கும். வடிவமில்லாதவற்றில் பல, மேலே தெளிந்த நீரிலேயே நிற்கும். அப்படிப் பிரித்தெடுக்கக்கூடிய ஒன்றின் பெயர் ஆல்பா சைநியூக்ளின். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

புரதத்துக்கு வடிவம் உண்டு, வடிவத்தால்தான் அது வேலை செய்கிறது என்பது நெடுநாள் பாடம். அந்தப் பாடத்தில் சென்னைக்குப் பெரிய பங்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, தோலிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் மூன்று இழை முறுக்கு என்று 1954-ல் சொன்னார். 1963-ல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் ஒரு வரைபடம் வெளியிட்டார். புரதச் சங்கிலியின் கண்ணி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பினால் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று காட்டும் படம் அது. ராமச்சந்திரன் வரைபடம் என்றே உலகம் அதை அழைக்கிறது. வடிவமில்லாத புரதத்துக்கும் அந்தப் படம் பொருந்தும் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். மடிந்த புரதத்தின் கண்ணி படத்தில் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. வடிவமில்லாததன் கண்ணி, அனுமதிக்கப்பட்ட இடங்களிலெல்லாம் உலவுகிறது. நம் ஊர் மில்லில் கோனில் சுற்றிய நூலும், கழற்றிக் கீழே போட்ட நூலும் போல. நூல் ஒன்றுதான்.

மனித உடலின் புரதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் இப்படித் தளர்ந்த நீண்ட பகுதிகள் இருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், சோதனைக் குழாயில் நீர்த்த கரைசலில் பார்த்ததை நம்பலாமா? உயிருள்ள செல்லுக்குள் லிட்டருக்கு முந்நூறு கிராம் அளவுக்குப் பெரிய மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அந்த நெரிசலில் தளர்ந்த சங்கிலி அமுங்கி ஒரு வடிவத்துக்கு வந்துவிடாதா? 2002-ல் அமெரிக்காவில் ஒரு பாக்டீரியப் புரதத்தைப் பாக்டீரியாவுக்குள்ளேயே பார்த்தபோது, அதன் ஒரு பாதி வடிவம் எடுத்திருந்தது. அப்படியானால் வடிவமின்மை என்பதே சோதனைக் குழாய் காட்டிய மாயை என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு.

2016-ல் பெர்லினில் பிலிப் செலன்கோவின் குழு ஆல்பா சைநியூக்ளினை எடுத்துக்கொண்டது. 140 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். நரம்பு முனைகளில் நிறைய இருக்கும். அதைத் தயாரிக்கும்போதே நைட்ரஜன்-15 என்ற ஐசோடோப்பை ஏற்றினார்கள். பிறகு மின்துடிப்பு கொடுத்து மனித செல்களுக்குள் புகுத்தினார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் அதே தத்துவத்தில் இயங்கும் கருவி அந்த நைட்ரஜனை மட்டும் கேட்கும். செல்லின் மற்ற புரதங்களில் இருப்பது பெரும்பாலும் சாதாரண நைட்ரஜன்-14 என்பதால் அவை அதன் காதில் விழாது. அவ்வளவு நெரிசலிலும் ஆல்பா சைநியூக்ளின் வடிவமில்லாமலே இருந்தது. ஆனால் எளிதில் ஒட்டிக்கொள்ளும் தன் நடுப்பகுதியை மற்றவை நெருங்காதபடி சற்றே சுருண்டிருந்தது. ஆக, ஒரு புரதத்துக்குச் சரியானது இன்னொன்றுக்குச் சரியாகாது. ஒவ்வொன்றையும் அதனதன் செல்லுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய் வந்தவர்களின் மூளை செல்களில் திரண்டு கிடப்பது இதே புரதம் என்று 1997-ல் தெரியவந்தது. புரதங்களின் வடிவத்துக்கு இலக்கணம் வகுத்த ராமச்சந்திரனும் கடைசி ஆண்டுகளில் அந்த நோயால் அவதிப்பட்டு 2001-ல் காலமானார்.

2020-ல் மும்பை ஐ.ஐ.டி.யில் சமீர் மாஜியின் குழு, இந்தப் புரதம் முதலில் எண்ணெய்த் துளி மாதிரி சொட்டுச் சொட்டாகக் கூடுவதையும், அந்தச் சொட்டுகள் நாளாக ஆகக் கெட்டிப்படுவதையும் காட்டியது.

இன்றைக்கு நோயாளிக்குக் கிடைக்கும் முக்கிய மருந்து லெவோடோபா. அதைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937-லேயே பிரித்தெடுத்தவர்கள் சென்னைக்காரர்கள், தாமோதரனும் ராமசுவாமியும். வேலியில் காய்க்கிறதே என்று நீங்களாகப் பறித்து அரைத்துக் குடித்துவிடாதீர்கள், அளவு தெரியாத மருந்து அது. லெவோடோபா மூளையில் குறைந்துபோன டோபமின் என்ற வேதிப்பொருளை ஈடுகட்டுமே தவிர, புரதம் திரள்வதை நிறுத்தாது. மருந்து செய்பவர்கள் வழக்கமாகப் புரதத்தில் ஒரு குழியைத் தேடி, அதில் பொருந்துகிற மூலக்கூறைத் தயாரிப்பார்கள். இங்கே நிலையான குழி எதுவும் இல்லை. அதனால் சொட்டு எந்த நேரத்தில், செல்லின் எந்த மூலையில் கெட்டிப்படத் தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னால் தடுக்கப் பார்க்கிறார்கள்.