விதிக்கு அடிமைகளா, அன்பின் பிள்ளைகளா?



பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் கரைகளில் சனிக்கிழமை கடலுக்குப் போகும் விசைப்படகுகள் ஞாயிறு காலையில் கரை திரும்புகின்றன. மீனை இறக்கி, தரம் பிரித்து, ஏலம் முடிவதற்குள் பல நாள் காலைத் திருப்பலி முடிந்துவிடுகிறது. அப்படித் தவறவிட்ட ஒருவர் அடுத்த வாரம் வந்தாலும் நற்கருணை வாங்க எழுவதில்லை. 'பூசை விட்டவன்' என்ற பயம் அவரைக் கடைசி வரிசையிலேயே உட்கார வைத்துவிடுகிறது.

ஞாயிறு திருப்பலி நம் கடமை. மாலைத் திருப்பலி இருந்தால் அதற்காவது வந்து சேர வேண்டும். ஆனால் தவிர்க்க முடியாத காரணத்தால் எந்தத் திருப்பலிக்கும் வர இயலாதபோது, தனியாகவோ குடும்பமாகவோ செபத்தில் நேரம் செலவிடுமாறு திருச்சபைச் சட்டத்தின் 1248-ஆம் எண் பரிந்துரைக்கிறது. இயலாதவரை அது குற்றவாளி ஆக்குவதில்லை. சந்தேகம் இருந்தால் பங்குத்தந்தையிடம் கேட்டுவிடலாமே!

இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். தவக்கால வெள்ளிக்கிழமை, சுத்தபோசனம். வீட்டில் கறி இல்லை. ஆனால் இறால் வறுவலும் நண்டுக் குழம்புமாக விருந்து நடக்கிறது. விதி மீறப்படவில்லை, உண்மைதான். அன்று நாம் எதை ஒறுத்தோம்? மீனே அன்றாட உணவாக இருக்கும் நமக்கு, பக்கத்து வீட்டுப் பசிக்கு ஒரு பங்கு கொடுப்பதல்லவா ஒறுத்தல்!

புதினாவிலும் சீரகத்திலும் பத்தில் ஒரு பங்கை அளந்து கொடுத்தவர்கள் நீதியையும் இரக்கத்தையும் மறந்ததை ஆண்டவர் கண்டித்தார். பசித்த சீடர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்தபோது சீடர்களின் பக்கம் நின்றார்.

திருச்சபையும் இதை அறிந்தே நடக்கிறது. நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் குடிக்காமல் நற்கருணை வாங்கிய காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1953-இல் தண்ணீர் அனுமதிக்கப்பட்டது. 1957-இல் உபவாசம் மூன்று மணி நேரமானது. 1964-இல் ஒரு மணி நேரமானது. இன்று முதியோருக்கும் நோயுற்றோருக்கும் அவர்களைக் கவனிப்போருக்கும் அதுவும் கட்டாயமில்லை. தண்ணீரும் மருந்தும் யாருக்கும் தடையில்லை. ஆகவே காலையில் மாத்திரை போட்டதற்காக நற்கருணையைத் தவிர்க்கும் நம் பாட்டிமாரிடம் இதை அன்போடு சொல்வோம்.

சிலருக்கு வேறொரு சுமை. பாவசங்கீர்த்தனம் செய்துவிட்ட பாவத்தையே மீண்டும் மீண்டும் சொல்வார்கள். 'சரியாகச் சொன்னேனா? எதையாவது விட்டேனா?' என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கும். புனித இஞ்ஞாசியாரும் 1522-இல் மன்ரேசாவில் இப்படித்தான் தவித்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனை வரை அது போனது. இது கடவுளிடமிருந்து வருவதல்ல என்று தெளிந்தபின், பழைய பாவங்களை மறுபடி அறிக்கையிடுவதை நிறுத்தினார். அமைதி பெற்றார். கடவுள் மன்னித்ததை நாம் தோண்டி எடுப்பது பக்தி ஆகாது.

அப்படியானால் எப்படியும் வாழலாமா? இக்கேள்விக்கு விடை நம் மண்ணிலேயே, ஓரியூரில் இருக்கிறது. லிஸ்பனில் உயர்குடியில் பிறந்த புனித அருளானந்தர் நம் மக்களுக்காகக் காவியுடை உடுத்தார், புலாலை விட்டார். ஆனால் ஒருவனுக்கு ஒருத்தி என்ற திருமண நெறியில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் போதனையை ஏற்ற தடியத்தேவர் ஒரு மனைவியோடு வாழ முன்வந்ததால் எழுந்த பகையே, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் அவர் தலை வெட்டப்படக் காரணமாயிற்று. எதை மாற்றலாம், எதற்காக உயிரையும் தரலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாமோ பல நேரம் சிறியதற்குச் சண்டையிட்டு, பெரியதை விட்டுவிடுகிறோம்.

இந்த வாரம் ஒன்று செய்வோம். கோயிலுக்குத் தாமதமாக வருபவரை முறைத்துப் பார்க்காமல், நகர்ந்து இடம் கொடுப்போம். மீன் வாடை போகாத கைகளோடு வருபவரையும் அன்போடு வரவேற்போம். ஆண்டவர் முதலில் அழைத்த சீடர்களின் கைகளும் அப்படித்தான் இருந்தன.

இறைவா, உம் சட்டத்தை அன்போடு கடைப்பிடிக்கவும், எம் குறைகளை உம் இரக்கத்தில் ஒப்படைக்கவும் அருள்தாரும். ஆமென்.