சுவரில் நாய்க்கதவு: பகலுக்குச் சரி, இரவுக்கு?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தரைத்தள வீடு ஒன்றின் வெளிச்சுவரில், நாய் தானாக வந்து போக ஒரு சிறு கதவு வைக்க அனுமதி கேட்டு மனு வந்திருக்கிறது. கேட்டிருப்பவர்கள் வயதான தம்பதி. இருவருக்கும் மூட்டுவலி. அவர்களுடைய நாய்க்கும் வயதாகிவிட்டது. இரவில் இரண்டு மூன்று தடவை வெளியே போக வேண்டும் என்கிறது. உறைபனிக் காலத்தில் ஒவ்வொரு தடவையும் எழுந்து கதவைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

நான் பொறியாளர் அல்ல. பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. இந்த மனுவையும் அப்படியே பார்த்தேன்.

முதலில் கதவு. குளிர் பிரதேசங்களுக்கென்று வரும் நாய்க்கதவில் முன்னும் பின்னுமாக இரண்டு மடல்கள் இருக்கும். நடுவில் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. மடலின் ஓரத்தில் உள்ள காந்தப் பட்டை, நாய் போனதும் அதை இழுத்து மூடிவிடும். ஒன்பது அங்குலச் சுவரில் வைக்கும்போது இரண்டு மடல்களுக்கும் இடையே ஒரு சிறு சுரங்கம் போல இடம் வரும். அதன் உட்புறத்துக்குத் தகரம் அடித்தால் குளிரில் வியர்த்து நீர் சொட்டும். பிளாஸ்டிக்கோ, நீர் புகாத பலகையோ நல்லது. பொருத்திய பிறகு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஓரங்களில் காட்டிப் பாருங்கள். புகை அலைந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது.

அடுத்தது மழை. பைக்காராவுக்குத் தென்மேற்குப் பருவமழை நேரடியாகச் சாய்த்து அடிக்கும். இதே நீலகிரியில், அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஆகவே மேற்கு, தென்மேற்குச் சுவர்களில் துளை வேண்டாம். எந்தச் சுவரானாலும் துளையின் அடிப்பகுதி வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். மேலே சிறு சன்ஷேடு வேண்டும். வெட்டிய செங்கல்லை அப்படியே விட்டால் ஈரம் உள்ளே இறங்கி, பூஞ்சை பக்கத்து வீட்டுக்கும் போகும். வெட்டும் இடத்தில் தூணோ, பீமோ, மின்குழாயோ இல்லை என்று பொறியாளர் பார்த்து எழுத்தில் தர வேண்டும். துளைக்கு மேலே லிண்டலும் அவசியம்.

இவையெல்லாம் பணத்தால் முடியும் காரியங்கள். பணத்தால் முடியாதது ஒன்று இருக்கிறது. அதுதான் சிறுத்தை.

2023 தீபாவளி அன்று குன்னூர் புரூக்லேண்ட்ஸ் பகுதியில் நாயைத் துரத்தி வந்த சிறுத்தை ஒரு வீட்டுக்குள் புகுந்துவிட்டது. மீட்கப் போன தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலர் காயம் அடைந்தார்கள். ஒரு நாளுக்கும் மேலாக அந்த வீட்டிலேயே இருந்துவிட்டுத்தான் அது வெளியேறியது. சிறுத்தைக்கு நம் மேல் கோபம் ஒன்றும் இல்லை. அது தேடி வருவது நாயை. மகாராஷ்டிராவில் வித்யா ஆத்ரேயாவும் உடன் பணியாற்றியவர்களும் ஊரை ஒட்டி வாழும் சிறுத்தைகளின் உணவை ஆராய்ந்தார்கள். அதில், எடைக் கணக்கில் 39 சதவீதம் நாய்தான்.

நடுத்தர நாய் நுழையும் வழியில் சிறுத்தையும் உடம்பைக் குறுக்கி நுழையப் பார்க்கும். காந்தப் பட்டை அதற்கு ஒரு தடையா?

இந்த ஊரில் நமக்கு முன்பே வாழ்ந்தவர்கள் தோடர்கள். அவர்களுடைய பழைய குடிசையின் வாசல் ஏறக்குறைய மூன்றடி உயரம், மூன்றடி அகலம்தான். பெரியவர்களும் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். குளிருக்கும் காட்டு விலங்குக்கும் பயந்து வாசலைச் சிறிதாக வைத்தார்கள். அந்தச் சின்ன வாசலையும் இரவில் அடைத்துவிடுவார்கள். வங்கியின் ஸ்ட்ராங் ரூமும் அப்படித்தான். அந்தக் கதவின் மதிப்பு அது பூட்டியிருக்கும் நேரத்தில்தான் தெரியும்.

இப்போது கணக்கை முடிக்கிறேன். பகலில் இந்தக் கதவால் லாபம் உண்டு. மாலை மங்கியதிலிருந்து விடியும் வரை அதை உட்புறம் இரும்புத் தகடு போட்டுப் பூட்டியே ஆக வேண்டும். அப்படியானால், மனுதாரர்கள் எந்த நேரத்துக்காகக் கேட்கிறார்களோ அந்த நேரத்தில் கதவு அவர்களுக்கு உதவாது. பணம் செலவழிக்கும் முன் இதை அவர்களிடம் சொல்வது நம் கடமை.

இரவுக்கு வேறு வழி இருக்கிறது. யூட்டிலிட்டி பகுதியில் ஓர் அகலமான தட்டில் மண்ணோ, பழைய செய்தித்தாளோ போட்டுப் பழக்கலாம். வயதான நாய்கூடச் சில வாரங்களில் பழகிவிடும். அதற்கும் முன்னால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வயதான நாய் அடிக்கடி சிறுநீர் கழிப்பதற்குச் சிறுநீரகக் கோளாறோ, சர்க்கரையோ காரணமாக இருக்கலாம். அதற்கு மருந்துதான் வேண்டும், கதவு அல்ல.

அதன் பிறகும் பகலுக்குக் கதவு வேண்டும் என்றால், நான் எதிர்க்கவில்லை. நான்கு நிபந்தனைகளை முன்வைக்கிறேன். ஒன்று, பொதுச் சுவரை வெட்டாமல் யூட்டிலிட்டி கதவில் பொருத்த முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். கதவைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், சுவரை மாற்ற முடியாது. இரண்டு, நாய் போய்ச் சேரும் இடம் மேலேயும் மூடிய கம்பிவலைக் கூண்டாக இருக்க வேண்டும். சிறுத்தை ஏறும். மூன்று, மாலை ஆறு மணிக்குப் பூட்டு. நான்கு, பராமரிப்பும் ஈரக் கசிவும் வீட்டுக்காரர் பொறுப்பு.

கடைசியாக நம் எல்லோருக்கும் ஒன்று. குப்பைத் தொட்டிக்கு வெளியே மிச்சச் சோற்றைக் கொட்டினால் தெருநாய் வரும். தெருநாய் வந்தால் பின்னாலேயே சிறுத்தை வரும். அந்த வாசலை நாம் தினமும் திறந்து வைக்கிறோம். அதை மூட யாருடைய அனுமதியும் வேண்டாம்.