முட்டிக்கு என்ன விலை?



'விளையாட்டு வீரர்களுக்கு இத்தனை கோடி தகுமா?' இந்தக் கூட்டத்து நோட்டீஸில் போட்டிருக்கும் தலைப்பு இது. எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் 'தகாது' என்று சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். நர்ஸம்மாவுக்கு என்ன சம்பளம், சாக்கடை அள்ளுகிறவருக்கு என்ன சம்பளம் என்று அவர் கேட்டபோது நானும்தான் தட்டினேன். தட்டிய கையோடுதான் மைக் பிடித்திருக்கிறேன்.

2024 நவம்பரில் ஜெட்டா நகரத்தில் ஐபிஎல் ஏலம் நடந்தது. விக்கெட் கீப்பர் ரிஷப் பந்தை லக்னோ அணி 27 கோடிக்கு எடுத்தது. அந்தப் போட்டியில் அதுவரை யாருக்கும் போகாத விலை. அடுத்த சீசன் முழுக்க அவர் அடித்தது 269 ரன். எங்கள் தெரு டீ மாஸ்டர் கிளாஸைக் கீழே வைக்காமலேயே கணக்குப் போட்டுவிட்டார். "ஒரு ரன் பத்து லட்சம் சார்! நான் இந்தக் கையால ஒரு ஆயுசு டீ ஆத்தினாலும் ரெண்டு ரன் எடுக்க முடியாது!"

வீட்டுக்குப் போய் வகுத்துப் பார்த்தேன். மாஸ்டர் கணக்கு சரி. ஆனால் பேனாவை மூடாமல் இன்னொரு கணக்கும் போட்டேன். 2023 முதல் ஐந்து ஆண்டுக்கு ஐபிஎல்லை ஒளிபரப்பும் உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. 410 ஆட்டம் என்று கணக்கு. ஓர் ஆட்டத்துக்கு 118 கோடி. இருபது ஓவர், இரண்டு பக்கமும் சேர்த்து 240 பந்து. ஆக, வீசுகிற ஒவ்வொரு பந்துக்கும் 49 லட்சம்! அடித்தாலும் சரி, விட்டாலும் சரி. ரன்னுக்குப் பத்து லட்சம் என்றதும் கொதித்த நம் மாஸ்டர், பந்துக்கு 49 லட்சம் என்பதைக் கேள்விப்பட்டதே இல்லை.

ஏன்? நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பார்த்திருப்பீர்கள். ஐபிஎல் சந்தையில் மாட்டின் விலையை மேடை போட்டு, சுத்தியல் தட்டி, ஊருக்கே சொல்கிறார்கள். சந்தைக்காரரின் வரும்படிதான் துண்டுக்கு அடியில் இருக்கிறது. ரகசியம் ஒன்றுமில்லை, பேப்பரில் வந்த தொகைதான். நாம்தான் துண்டைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

தூக்கிப் பார்ப்போமா? ஜெட்டா ஏலத்தில் ஓர் அணி தன் வீரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துச் செலவழிக்கலாம் என்று வைத்த வரம்பு 120 கோடி. பத்து அணிக்கு 1,200 கோடி. ஒளிபரப்பில் மட்டும் ஓர் ஆண்டுக்கு வருவது சராசரியாக 9,600 கோடிக்கு மேல். ஆட்டத்துக்கு ஏழரை லட்சம் என்று 2025-இல் தொடங்கிய ஆட்டக் கட்டணத்தைச் சேர்த்தாலும், நூற்றுக்குப் பதினாலு ரூபாய்கூட ஆடுகிறவன் கைக்குப் போகவில்லை. டிக்கெட், சட்டையில் ஒட்டுகிற விளம்பரம் இதெல்லாம் நான் சேர்க்கவே இல்லை. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் லீக் வருமானத்தில் ஏறக்குறைய சரிபாதி வீரர்களுக்கு. அங்கே சங்கம் இருக்கிறது, உட்கார்ந்து பேசி எழுதி வாங்கியிருக்கிறார்கள். நம் கிரிக்கெட் வீரர்களுக்கும் 2019-இல் ஒரு சங்கம் வந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கு! ஆடிக்கொண்டிருக்கிறவர் அதில் சேர முடியாது. மில் தொழிலாளி ரிட்டையர் ஆன பிறகுதான் யூனியனில் சேரலாம் என்றால் இந்த ஊர் விட்டுவிடுமா?

சரி, வீரர்களுக்குக் குறைத்துக் கொடுத்தால் மிச்சம் நர்ஸம்மாவுக்குப் போகுமா? இதையும் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். இங்கிலாந்துக் கால்பந்தில் 1961 வரை உச்சவரம்புச் சம்பளம் என்று ஒன்று இருந்தது. கடைசியில் அது வாரத்துக்கு 20 பவுண்டு, அதற்கு மேல் யாருக்கும் கிடையாது. அந்தக் காலத்து நட்சத்திரம் ஸ்டான்லி மேத்யூஸைப் பார்க்க அரங்கம் வழிய வழியக் கூட்டம் வரும். அவருக்கும் அந்த வரம்புதான். ஜிம்மி ஹில் என்ற வீரர் சங்கத் தலைவராகி, வேலைநிறுத்தம் என்று மிரட்டிய பிறகுதான் அது ஒழிந்தது. அதற்கு முன்னால் மிச்சமான பணத்தில் எந்த நர்ஸுக்கும் ஒரு பென்னி கூடவில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு? 1983-இல் கபில்தேவ் கோப்பையோடு வந்து இறங்கினார். உலகக் கோப்பை ஜெயித்த பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கக் கிரிக்கெட் வாரியத்திடம் பணம் இல்லை. லதா மங்கேஷ்கர் டெல்லியில் கச்சேரி செய்து, அந்த வசூலில் ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தை நினைத்து 'அப்போதெல்லாம் நாட்டுக்காக ஆடினார்கள்' என்று கண் கலங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர்கூடத் தன் போனஸை நாட்டுக்காக விட்டுக்கொடுத்ததாக எனக்குத் தகவல் இல்லை.

பேராசிரியர் ஐயா கோபிக்கக் கூடாது. உப்பில்லாமல் ஒருவேளை சாப்பிட முடியாது, தங்கமில்லாமல் ஆயுசு முழுக்க இருக்கலாம். ஆனாலும் வேதாரண்யத்தில் உப்பு வாருகிறவருக்கு என்ன கிடைக்கிறது, நகைக்கடையில் என்ன விலை எழுதியிருக்கிறது? விலைக்கும் தகுதிக்கும் என்றைக்கும் சம்பந்தம் இருந்ததில்லை. நர்ஸம்மாவின் சம்பளத்தை உயர்த்தச் சொல்லிக் கேட்க வேண்டிய வாசல் வேறு. அந்த வாசலுக்குப் போக நமக்குச் சோம்பல். பந்தைத் திட்டுவது சுலபம்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் சின்ன மாமா கபடி ஆடியவர். பாடிக்கொண்டு உள்ளே போனார் என்றால் இரண்டு பேரைத் தொடாமல் கோட்டுக்குத் திரும்பமாட்டார். நான் அரைடிராயர் போட்டுக்கொண்டு நோட்டில் புள்ளி எழுதுவேன். ஒரு மாசி மாதம், பக்கத்து ஊர்த் திருவிழா, இறுதி ஆட்டம். நான்கு பேர் சேர்ந்து பிடி போட்டார்கள். மாமா ஒரு பக்கம் திரும்ப, கால் ஒரு பக்கம் நின்றுவிட்டது. முட்டியில் 'டப்' என்று ஒரு சத்தம். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது.

இரண்டாம் பரிசு, ஆளுக்கு ஓர் எவர்சில்வர் குடம். ஒரு கையில் குடத்தோடும் மறு கை என் தோளிலுமாக நொண்டி வந்தார். மறுநாள் பஸ் ஏறிப் போய்ப் புத்தூர் கட்டு. போனது எலும்பல்ல, ஜவ்வு. கட்டுக்கு அது நிற்காது. அறுவை சிகிச்சை என்று ஒன்று உண்டென்று சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. சொல்லியிருந்தால் மட்டும் காசுக்கு எங்கே போவது? இருபத்து மூன்று வயதில் ஆட்டம் முடிந்தது. அப்புறம் ஒரு மில்லில் வாட்ச்மேன். காலை மடக்க முடியாது, ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டுதான் உட்காருவார். குடத்தில் அத்தை இருபது வருடம் தண்ணீர் எடுத்தார். கழுத்துப் பக்கம் நசுங்கிவிட்டது. வெட்டிய பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது.

ரிஷப் பந்துக்கும் முட்டிதான் போனது. 2022 டிசம்பர் 30, ரூர்க்கி பக்கத்தில் கார் கவிழ்ந்து, வலது முட்டி ஜவ்வெல்லாம் கிழிந்தது. வாரியமே டேராடூனிலிருந்து மும்பைக்கு விமானத்தில் தூக்கிப் போய் வைத்தியம் பார்த்தது. பதினைந்து மாதத்தில் திரும்பி வந்து விக்கெட்டுக்குப் பின்னால் குந்தினார், அதே முட்டியை மடக்கி! அந்த 27 கோடியை நான் பொறாமைப்படமாட்டேன். என் கோபமெல்லாம் குடத்தின் மேல்தான்.

ஜெட்டா ஏலத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 1,574 பேர். விலை போனவர்கள் 182. மற்றவர்களுடைய முட்டிக்கு யார் பொறுப்பு? சின்னப்பம்பட்டி நடராஜன், நம் சேலத்துப் பிள்ளை, டென்னிஸ் பந்தில் வீசிப் பழகியவர், 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனார். அந்த வருமானத்தில் சொந்த ஊரில் மைதானம் கட்டினார். சந்தோஷம். ஆனால் ஒரு கிராமத்துக்கு மைதானம் வர அந்த ஊர்ப் பையன் ஒருவன் ஏலத்தில் போக வேண்டும் என்றால், மற்ற கிராமங்கள் என்ன செய்யும்? 48,390 கோடியில் இதற்கு எவ்வளவு என்று கேளுங்கள். மாவட்ட அளவில் ஆடுகிற பையனுக்குக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். கேட்கிற சத்தத்தில் அந்தத் துண்டு கொஞ்சம் நகரட்டும்.

ஏலம் நடந்த அன்று மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். சோபாவில் உட்கார்ந்து, காலை டீப்பாய் மேல் நீட்டியிருந்தார். இருபத்தேழு கோடி என்று சுத்தியல் விழுந்ததும் என் பையன் துள்ளிக் குதித்தான். "மாமா, பாத்தீங்களா?" என்றேன். டிவியில் பந்த் கீப்பிங் செய்யும் பழைய காட்சியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பாமல் கேட்டார்:

"ஏம்ப்பா, அந்தப் பையனுக்கு இப்ப முட்டி முழுசா மடங்குதில்ல?"