பல்லுக்கு உயிர் உண்டா? மின்சோதனை கூறும் விடை
(பஞ்சாயத்து உறுப்பினர்களின் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)

 

நட்டு ஒரு மாதமாகி, இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நிற்கும் மாங்கன்றைக் கண்டால், நம்மில் எவரும் உடனே அதைப் பிடுங்கி எறிந்துவிடுவதில்லை. நகத்தால் பட்டையைச் சிறிது கீறிப் பார்க்கிறோம். உள்ளே பச்சை தெரிந்தால் தண்ணீர் விடுகிறோம். பழுப்பேறி உலர்ந்திருந்தால்தான் பிடுங்குகிறோம். ஆனால் வாயிலுள்ள பல்லின் விஷயத்தில் இந்த நிதானம் நம்மிடம் இருப்பதில்லை. வலி எடுத்த மறுநாளே டாக்டரிடம் சென்று, "பிடுங்கிவிடுங்கள் ஐயா, தொல்லை விட்டது" என்கிறோம். பட்டையைக் கீறிப் பார்ப்பதற்கு ஒப்பான சோதனை பல்லுக்கும் உண்டு. அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறோம்.

பல் வெறும் எலும்புத் துண்டு அன்று. மேலே எனாமல் என்னும் கடினமான உறை. அதற்குள் டென்டின் என்னும் அடுக்கு. அதற்கும் உள்ளே, நடுவிலுள்ள சிறு அறையில் மிருதுவான சதை. இச்சதையைப் பற்கூழ் என்பர். வேரின் நுனியிலுள்ள ஊசித்துளை போன்ற வழியாக இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இதனுள் வருகின்றன. பல்லின் உயிர் என்பது இந்தக் கூழின் உயிர்தான்.

சொத்தை ஆழமாகிக் கூழை எட்டும்போது அது வீங்குகிறது. கையில் கட்டி வந்தால் தோல் நெகிழ்ந்து கொடுக்கும். பல்லுக்குள் நான்கு புறமும் கற்சுவர். வீங்க இடமில்லாத அந்நெருக்கடியே இரவெல்லாம் நம்மை உட்கார வைக்கும் பல்வலிக்குக் காரணம். கிராம்புத் தைலம் தடவியும், புகையிலையை அடக்கி வைத்தும், கண்டங்கத்திரி விதையின் புகையைப் பிடித்தும் நாலைந்து நாள் தள்ளுகிறோம். பிறகு ஒரு நாள் வலி தானே நின்றுவிடுகிறது. "புழு விழுந்துவிட்டது, பல் குணமாகிவிட்டது" என்று மகிழ்கிறோம். பல்லில் புழு எதுவும் இல்லை. நாம் உண்ணும் இனிப்பையும் மாவையும் கிருமிகள் அமிலமாக மாற்றுவதால் விளைவதே சொத்தை. வலி நின்றதற்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: உள்ளேயிருந்த கூழ் செத்துவிட்டது. அழுவதற்கு ஆள் இல்லாமையால் வீடு அமைதியாயிற்று. செத்த கூழில் பெருகும் கிருமிகள் வேர் நுனி வழியே இறங்கித் தாடை எலும்பை அரிக்கத் தொடங்குகின்றன. மாதங்கள் சென்று சீழும் வீக்கமுமாக வெளிப்படும்போதுதான் நமக்குத் தெரிகிறது. எக்ஸ்ரே படத்தில்கூட, எலும்பு ஓரளவு கரைந்த பின்னரே அது நிழலாகத் தென்படும். அதற்கு முன்பே உள்ளே இருப்பது உயிரா, பிணமா என்று அறிய வேண்டுமானால் பல்லையே கேட்க வேண்டியிருக்கிறது.

பல்லை மின்சாரத்தால் சோதிக்கும் எண்ணம் புதியதன்று. 1867-ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு மருத்துவர் மாஜிட்டோ, சொத்தையைக் கண்டறிய மின்னோட்டத்தைப் பயன்படுத்தலாம் என்று கூறினார். இன்று இருப்பது, கையில் அடங்கும் மின்னணுக் கருவி. சிறு பேட்டரியில் இயங்குவது. மின்சாரம் என்றதும் பம்புசெட்டு மோட்டாரில் வாங்கிய அதிர்ச்சி நம் நினைவுக்கு வருவது இயல்பே. அந்த அச்சம் இங்கே வேண்டியதில்லை. இதில் செல்லும் மின்னோட்டத்தை ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ ஆம்பியரைக் கொண்டே அளக்கின்றனர். ஆயினும், இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி பொருத்தப்பட்டவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் வேறு சோதனையைத் தேர்ந்துகொள்வார்.

சோதனை நடக்கும் முறையைச் சற்று விரிவாகவே கூறுவோம். ஏனெனில் முறை பிசகினால் விடையும் பிசகும். முதலில் பல்லைச் சுற்றிப் பஞ்சு வைத்து எச்சிலை நன்றாக ஒற்றி உலர்த்துவர். ஈரம் இருந்தால், வாய்க்கால் உடைந்த நீர் பக்கத்து வயலுக்குப் போவதுபோல, மின்னோட்டம் ஈறுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் ஓடிவிடும். அங்கே எழும் கூச்சத்தை இந்தப் பல்லின் கூச்சம் என்று நாம் தவறாகச் சொல்லிவிடுவோம். பிறகு கருவியின் முனையில் சிறிது பற்பசையைத் தடவிப் பல்லின் மேல் வைப்பர். வறண்ட எனாமல் மின்சாரத்தைக் கடத்தாது. அதற்காகவே இந்தப் பசை. மின்சுற்று முழுமையடைவதற்காகக் கருவியின் உலோகக் கைப்பிடியை நோயாளியின் கையிலேயே கொடுப்பர். அல்லது உதட்டில் ஒரு சிறு கொக்கியை மாட்டுவர். மின்னோட்டம் பூஜ்யத்திலிருந்து மெல்ல மெல்ல ஏறும். பல்லில் சுருக்கென்றோ வெதுவெதுப்பாகவோ ஓர் உணர்ச்சி தோன்றியதும் நோயாளி கைப்பிடியை விட்டுவிடலாம். உடனே ஓட்டம் நின்றுவிடும். கடிவாளம் நோயாளியின் கையிலேயே இருப்பது நமக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

சந்தேகத்துக்குரிய பல்லை முதலில் தொடுவதில்லை. எதிர்ப்பக்கத்தில் உள்ள அதே வகையான நல்ல பல்லைத் தொட்டு, அது எந்த எண்ணில் பதில் சொல்கிறது என்று குறித்துக்கொள்வர். ஒரு வகைக் கருவியில் 0 முதல் 80 வரை எண்கள் ஓடும். நல்ல பல் 30-இல் பதில் சொல்ல, சந்தேகத்துக்குரிய பல் 80 வரை ஏறியும் வாய் திறக்கவில்லையென்றால் அதன் கூழ் செத்திருக்கக் கூடும். இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். 30-இல் பதில் சொன்ன பல்லைவிட 20-இல் பதில் சொன்ன பல் ஆரோக்கியமானது என்று பொருளில்லை. இது பால்மானியில் பால் அளப்பது போன்றதன்று. பதில் உண்டா இல்லையா என்பதே செய்தி.

அந்தச் செய்திக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு வீட்டு வாசலில் நின்று குரல் கொடுக்கிறோம். பதில் வந்தால் உள்ளே ஆள் உண்டு. ஆனால் அவர் நலமாக இருக்கிறாரா, காய்ச்சலில் கிடக்கிறாரா என்பது அக்குரலால் தெரியாது. பதில் வரவில்லையென்றால் ஆளே இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது. அவர் கொல்லைப்புறத்தில் இருக்கலாம். மின்சோதனையும் அவ்வாறே. அது தட்டி எழுப்புவது நரம்பை. பல்லை உயிரோடு வைத்திருப்பதோ இரத்த ஓட்டம். நரம்பு மரத்துக் கிடக்க, இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் பற்கள் உண்டு. மூன்று வேர் கொண்ட கடைவாய்ப் பல்லில் ஒரு வேர் செத்திருக்க, மற்றொன்று பதில் சொல்வதும் உண்டு. வயதானவர்களின் பல்லில் கூழின் அறை சுண்ணாம்பு படிந்து குறுகிப்போவதால் பதில் கிடைக்காமல் போகலாம். இரத்த ஓட்டத்தையே ஒளியைக் கொண்டு அளக்கும் கருவிகளும் வந்துள்ளன. அவை அன்றாட வைத்தியத்தில் இன்னும் பரவவில்லை.

ஆகையால், தேர்ந்த டாக்டர்கள் இந்த ஒரு கருவியை மட்டும் நம்புவதில்லை. பனிக்கட்டியையோ குளிர் மருந்தையோ பல்லில் வைத்துப் பார்க்கும் பழைய குளிர்சோதனையையும் சேர்த்துச் செய்வர். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், குளிர்சோதனை நூற்றுக்கு 86 தடவையும், மின்சோதனை 81 தடவையும், சூடுவைத்துப் பார்க்கும் சோதனை 71 தடவையும் சரியான விடையைக் கொடுத்தன. எளிய பனிக்கட்டி மின்னணுக் கருவிக்குச் சற்று மேலாகவே நின்றது என்பதைக் கேட்டு நாம் வியப்படையவில்லை. ஏழை எளியவர்க்கு அது நல்ல செய்திதான். இரண்டும் ஒரே விடையைக் கூறினால் உறுதி கூடுகிறது. மாறுபட்டால் அவசரம் கூடாது என்று தெரிகிறது.

அவசரத்தின் விலை என்னவென்று நம் குடும்பத்திலேயே கண்டோம். உறவினர் ஒருவர், நடவு வேலை மும்முரமாக இருந்த நாளில், கீழ்த்தாடை வலிக்கிறது என்று சென்றார். கீழே சொத்தைப்பல் ஒன்று இருந்தது. எந்தச் சோதனையும் இன்றி அதைப் பிடுங்கி அனுப்பினார்கள். அன்றிரவும் அதே வலி. வேறொரு டாக்டர் பொறுமையாக ஒவ்வொரு பல்லையும் சோதித்தார். பழைய அடைப்பு இருந்த மேல்கடைவாய்ப் பல்லில் குளிர் பட்டதும் வலி பொங்கியது. குளிரை எடுத்த பின்னும் நெடுநேரம் நின்றது. குற்றவாளி மேலே, தண்டனை பெற்றது கீழே! பற்கூழின் வலி இடம் மாறித் தோன்றும். மேல்பல்லின் வலி அதே பக்கத்துக் கீழ்த்தாடையில் தெரியும். இதை வலிக்கிறவரால் பிரித்தறிய முடியாது. பிடுங்கிய பல்லின் சொத்தையோ மேலோட்டமானது, அடைத்திருந்தால் போதும். அவர் இன்றும் அந்தப் பக்கத்தில் முறுக்கு கடிப்பதில்லை.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பல்லைப் பிடுங்கும் முன், "உயிர் இருக்கிறதா என்று சோதித்தீர்களா, ஐயா?" என்று மரியாதையுடன் கேளுங்கள். கேட்பதில் குற்றமில்லை. உங்கள் பகுதியின் அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்குமானால், அங்கே இந்தச் சோதனைக்கு வசதி உண்டா என்று பஞ்சாயத்தின் சார்பில் விசாரியுங்கள். செத்த பல்லையும் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வேர் சிகிச்சை செய்து, கூழை நீக்கி, உட்புறத்தைச் சுத்தம் செய்து அடைத்துவிட்டால், அது பல ஆண்டுகள் உழைக்கும்.

குழந்தைகளைப் பற்றித் தனியாகக் கூற வேண்டும். ஏழெட்டு வயதில் முளைக்கும் முன்பல்லின் வேர் முற்றுப்பெற ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை நரம்புகளும் முழுமையாக அமைவதில்லை. மின்சோதனைக்கு நல்ல பல்லே பதில் சொல்லாமல் இருக்கலாம். அடிபட்ட பல்லின் நிலையும் இதுவே. கபடியில் விழுந்தோ, மாட்டின் கொம்பு பட்டோ ஆட்டம் கண்ட பல்லில் நரம்பு அதிர்ந்து போய், சில வாரங்கள், சில சமயம் மூன்று மாதம்கூட ஊமையாக இருக்கும். அந்த மௌனத்தை மட்டும் கொண்டு செத்த பல் என்று தீர்ப்புக் கூறலாகாது. அடிபட்ட தேதியைக் குறித்து வைத்து, டாக்டர் சொன்ன நாட்களில் தவறாது அழைத்துச் செல்ல வேண்டும். பல் கறுத்தாலோ, ஈறில் கொப்புளம் கண்டாலோ, நாள் பார்க்காமல் உடனே செல்ல வேண்டும்.

நமக்குத் தெரிந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பள்ளி மைதானத்தில் விழுந்து முன்பல் ஆட்டம் கண்டது. முதல் வாரச் சோதனையில் கருவி 80 வரை ஏறியது. பையன் கையை எடுக்கவே இல்லை. தாயார் அழத் தொடங்கிவிட்டார். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பல்லைத் தொடாமல் திருப்பி அனுப்பினார். ஒரு மாதத்திலும் அதே மௌனம். மூன்றாம் மாதம் எண் ஐம்பதைத் தாண்டும்போது பையன் "சுருக்"கென்று கையை விட்டான். பக்கத்து நல்ல பல் அதற்கு மிகவும் முன்பாகவே பதில் சொல்லியிருந்தது. ஆயினும் இதுவும் பதில் சொல்லிவிட்டது. ஆறாம் மாதம் மறுபடியும் அழைத்து வரும்படி தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.