பாடசாலை நூல்நிலையமும் பூட்டிய அலுமாரியும்

(மடுல்சீமையில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



புதிய சாதனங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் பாடசாலை நூல்நிலையத்தின் நிலை யாது என்பது பற்றிப் பேசும்படி எங்களைப் பணித்தீர்கள். மிஷன் பாடசாலையிலே படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தவர்கள் நாங்கள். அங்கே கண்ணாடிக் கதவிட்ட அலுமாரிகள் வரிசையாய் நின்றன; வாரத்தில் ஒரு பாடவேளை அவற்றினிடையே எங்களை உலவவிட்டார்கள். அது எத்தகைய பாக்கியம் என்பது, விடுமுறையில் தோட்டத்துக்குத் திரும்பித் தம்பி தங்கையரின் பாடசாலைகளைப் பார்த்த பின்னரே எங்களுக்கு விளங்கிற்று.

வெளியுலகில் நூல்நிலையம் வெகுவாக மாறிவிட்டது. பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் 2018-ல் திறக்கப்பட்ட ஊடி நூலகம் மூன்று தளங்கள் கொண்டது. நூல்கள் இருப்பது பெரும்பாலும் ஒரு தளத்தில்தான். இன்னொரு தளத்தில் தையல் இயந்திரம், முப்பரிமாண அச்சுப்பொறி, இசை பயிலும் அறை எல்லாம் உண்டு. அண்டை நாட்டிலே மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவருக்கெனத் தனிப் பகுதி அமைத்திருக்கிறார்கள். அதே 2023-ல் சுவீடன் அரசாங்கமோ, பள்ளிகளில் கணனித்திரை அளவுக்கு மிஞ்சிவிட்டதென்று அச்சுப் புத்தகம் வாங்கப் பெரும் பணம் ஒதுக்கியது. ஆகவே புத்தகமா, கணனியா என்று பட்டிமன்றம் நடத்துவது வீண். நமக்குள்ள கேள்வி வேறு. இரண்டில் எதுவாயினும் அது பிள்ளையின் கைக்கு வருகின்றதா?

நம் பாடசாலைகளின் வரலாறு நீங்கள் அறிந்ததே. இந்நாட்டில் 1945-ல் இலவசக் கல்வி வந்தது. ஆயினும் தோட்டப் பாடசாலைகளில் மிகப் பல 1970-களில் அரசாங்கம் பொறுப்பேற்கும்வரை தோட்ட நிர்வாகத்தின் கீழேயே கிடந்தன. ஓராசிரியர், ஒரே மண்டபம். அதில் நூல்நிலையத்துக்கு ஏது இடம்? பிற்பாடு நிலை திருந்தியது. 1990-களின் இறுதியில் உலக வங்கியின் உதவியோடு நாடெங்கும் பாடசாலை நூல்நிலையங்களை அமைக்கும் திட்டம் தொடங்கிற்று. ஆசிரிய நூலகர்களைப் பயிற்றவென்று கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1999-ல் தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவனமும் உண்டாயிற்று. நூல்நிலையம் வெறும் புத்தக அறையன்று, அது ஒரு கற்றல் வள நிலையம் என்ற எண்ணம் அப்போதுதான் இங்கே வேரூன்றியது.

எண்ணம் நல்லதே. ஆனால் நாங்கள் சென்று பார்த்த பாடசாலையொன்றில், பெயர் வேண்டாம், நூல்நிலையம் என்பது அதிபர் அறையின் மூலையில் நின்ற இரண்டு அலுமாரிகள். இரண்டும் பூட்டியிருந்தன. திறப்பு ஓர் ஆசிரியையின் கைப்பையில் இருந்தது; அவரோ அன்று விடுமுறை. நவராத்திரியில் நாம் நூல்களைப் பூசையில் வைத்து, விஜயதசமியன்று எடுத்துப் படிக்கிறோம். அப்பாடசாலையில் ஆண்டு முழுதும் பூசை, விஜயதசமி மட்டும் வருவதில்லை.

அந்த ஆசிரியையைக் குறை கூற நாங்கள் வரவில்லை. ஆண்டு முடிவில் பொருட்கணக்கெடுக்க வருகிறார்கள். ஏட்டில் உள்ள நூல் அலுமாரியில் இல்லையென்றால் பொறுப்பாசிரியரே பதில் சொல்லவேண்டும். நூறு பிள்ளைகள் படித்தார்கள் என்பதை எவரும் எழுதிவைப்பதில்லை. இரண்டு நூல் தொலைந்தது மட்டும் ஏட்டில் ஏறிவிடுகின்றது. அப்படியானால் பூட்டி வைப்பதே புத்தி என்று யார்தான் நினைக்கமாட்டார்கள்? சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் இரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட தம் ஐந்து விதிகளுள் நூலின் பயன்பாட்டையே முதலில் வைத்தார். ஐரோப்பாவில் முற்காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்திருந்ததை அவ்விடத்தில் எடுத்துக் காட்டினார். நமக்குச் சங்கிலிக்குப் பதில் பூட்டு.

பூட்டினால் நூல் தப்புமென்பதும் மெய்யன்று. மடுல்சீமையின் மூடுபனியை அறியாதவர் இங்கில்லை. காற்றுப் புகாத அலுமாரியில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், இராமபாணப் பூச்சி ஏடுகளை அரிக்கும். பிள்ளைகள் புரட்டும் நூலில் கிழிசல் விழலாம், ஒட்டிக்கொள்ளலாம். பூஞ்சணம் தின்ற நூலை என்ன செய்வது?

கணனி வந்தபோதும் இதே கதைதான். மகிந்தோதய தொழில்நுட்ப ஆய்வுகூடங்கள் 2010-களில் பல பெரிய பாடசாலைகளுக்குக் கிடைத்தன. தோட்டப்புறத்துச் சிறு பாடசாலைகளில் நாலைந்து கணனிகள் இருந்தாலே பெரிது. அவை புத்தகத்தைவிட விலையுயர்ந்தவை. ஆகவே பயமும் அதிகம், பூட்டும் பெரிது. உறையிட்டு மூடி வைத்த கணனி இரண்டு மாரி கழிந்தால் இயங்க மறுக்கின்றது. பூட்டும் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு சாதனத்தை மட்டும் மாற்றினால் பலனில்லை என்பதே நாங்கள் இங்கு வற்புறுத்த விரும்புவது.

இனி இணையத்தைக் கவனிப்போம். 2020 மார்ச்சில் தொற்றுநோயால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தன. 2021-ல் நமது ஊவாவின் பொகிட்டியாவ என்னும் சிற்றூரில் பிள்ளைகளும் ஆசிரியையும் அலைவரிசை தேடிக் காட்டு வழியே நடந்து பாறையொன்றில் ஏறியதை உலகப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. அது சிங்களக் கிராமம். நம் தோட்டங்களிலும் பிள்ளைகள் தேயிலை மலைகளில் ஏறி நின்றார்கள். படம் பிடிக்கத்தான் யாரும் வரவில்லை.

ஆனால் இணையம் இல்லாமலே இணையத்தின் பயனைப் பெற வழியுண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. கிவிக்ஸ் என்னும் இலவசச் செயலி, அவை முழுவதையும் இறக்கிச் சிறு நினைவட்டையில் சேமிக்க உதவுகின்றது. பதுளையிலோ பசறையிலோ ஒருமுறை இறக்கிக்கொண்டு வந்தால் போதும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களையும் அவ்வாறே கொண்டுவரலாம். பழைய மடிக்கணனி ஒன்றில் இவற்றை ஏற்றி, அறைக்குள் மட்டும் எட்டும் கம்பியில்லாத் தொடர்பை அமைத்தால், பத்துப் பிள்ளைகள் ஒரே வேளையில் படிக்கலாம். மாதக் கட்டணம் ஒரு சதமும் இல்லை.

2005 முதல் தொண்டர்கள் வளர்த்துவரும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தையும் சொல்லவேண்டும். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே பிரதியை ஒரே கூரையின் கீழ் வைப்பதன் ஆபத்தை ஈழத்தவர் அறிந்ததுபோல் வேறு யார் அறிவார்? ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்து எவரும் படிக்க வைத்திருக்கிறார்கள். மலையகத்து வெளியீடுகளும் அதில் உண்டு. நம் மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934-ல் பிறந்து, தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, 2022-ல் மறைந்தவர் தெளிவத்தை ஜோசப். தமிழ்நாட்டில் 2013-ல் விஷ்ணுபுரம் விருதளித்துப் போற்றினார்கள். இந்த மலைகளைப் பற்றி அவர் எழுதிய கதைகளை இந்த மலைகளில் எத்தனை பிள்ளைகள் கண்டிருக்கிறார்கள்? நகரத்துக் கதை தெரிந்த பிள்ளைக்குத் தன் லயத்தின் கதை தெரியாமலிருப்பது பெருங்குறை.

(இடையில் ஒரு சொல்: ஆசிரியர் பலர் இன்னும் பாமினி எழுத்துருவிலேயே தட்டெழுதுகிறார்கள். அச்சில் அழகுதான்; ஆனால் கணனியில் தேடினால் அகப்படாது. நூற்பட்டியல் செய்வோர் முதல் நாளிலிருந்தே யூனிகோட்டில் செய்வது உத்தமம்.)

புதிய கற்றல் வெளி என்று இப்போது பேசுகிறார்கள். சக்கரம் பூட்டிய மேசை, வண்ண நாற்காலி, கூடிப் பேச வட்ட இருக்கை என்றெல்லாம் படம் காட்டுகிறார்கள். நம் பிள்ளைக்குக் கற்றல் வெளி என்பது என்ன? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஐந்தாறு பேர் வாழ்கிறார்கள். ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் தொலைக்காட்சி, இஸ்தோப்பில் படுத்திருக்கும் தாத்தா. பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகின்றது. அம்மா கொழுந்து நிறுத்து வீடு சேர மாலையாகும். அந்த இடைவேளையில் அப்பிள்ளைக்கு வேண்டுவது ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு மணி நேர அமைதி. நூலோ கணனியோ அதற்குப் பிறகுதான்.

ஆதலால் நாங்கள் கேட்பது பெரிய கட்டடம் அன்று. அருகிலுள்ள ஒரேயொரு பாடசாலையில் கிழமைக்கு மூன்று நாள், ஒன்றரை முதல் நான்கு மணி வரை நூல்நிலையம் திறந்திருக்க வேண்டும். அதிபரின் அனுமதி பெற்று, சங்க உறுப்பினர் இருவர் முறைவைத்து அங்கே இருப்போம். வீட்டுக்கு நூல் கொடுப்போம். தொலைந்த நூலுக்கும் பழுதான கணனிக்கும் சங்கமே ஈடு செய்யும் என்று எழுத்தில் கொடுப்போம், இதுவே முக்கியம். அப்போது திறப்பை ஒப்படைக்க அந்த ஆசிரியைக்கு அச்சமிராது. இதற்கென விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கும்படி தலைவரவர்களைக் கேட்டிருக்கிறோம். பந்தலலங்காரம் சற்றுக் குறையும்; தெய்வம் கோபிக்காது என்றே நம்புகிறோம்.

விடுமுறையில் மட்டுமே ஊரிலிருக்கும் எங்களால் நூற்பட்டியல் செய்யவும் நினைவட்டைகளை நிரப்பவும்தான் இயலும். மற்ற நாட்களுக்கு ஊரிலே இருப்பவர்கள் வேண்டும். பன்னிரண்டு பேர் கிடைத்தால் முறை சரியாக அமையும். இதுவரை ஏழு பேர் இணங்கியிருக்கிறார்கள். பெயர் பதியும் கொப்பியை மண்டப வாயிலில் வைத்திருக்கிறோம்.