துருவைத் தடுக்கும் உலோகக் குளியல்



ஈப்போ என்றாலே வெள்ளீயம்தான் நினைவுக்கு வரும். கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டிய ஈயம் பினாங்கில் உருக்கப்பட்டு மேல்நாடுகளுக்குக் கப்பலேறியது. அந்நாளில் அங்குள்ள ஆலைகளில், உருகிய ஈயத்தில் இரும்புத் தகட்டை முக்கியெடுத்து, சார்டின் டின் செய்யும் தகரமாக்கினார்கள்.

ரப்பர் தோட்டத்து லயங்களின் கூரையை மூடியதோ துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. நம் பேச்சில் அது ‘ஜிங்க்’. சுமார் 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகி நிற்கும் துத்தநாகத்தில் இரும்பை முக்கும் முறைக்கு, 1837இல் பிரான்சில் சோரல் என்பவர் காப்புரிமை பெற்றார்.

இரண்டுமே பூச்சுதான், குணம் வேறு. ஈயப் பூச்சில் கீறல் விழுந்தால், ஈரம் பட்ட இடத்தில் இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். துத்தநாகமோ தான் முதலில் கரைந்து, கீறல் விழுந்த இரும்பைக் காக்கும். அது கரைந்து தீரும் வரைதான் அந்தக் காவல்.

தோட்டத்தை விட்டு வெளியேறி, சேமநிதிப் பணத்தில் வீடு வாங்கிய குடும்பங்கள் பல. வாசலுக்கு இரும்புக் கேட் வாங்கும்போது பட்டறையில் ஒன்றைக் கேளுங்கள்: வெல்டிங் முடித்தபின் துத்தநாகத்தில் முக்கினார்களா, முக்கிய குழாயை வாங்கி வெல்டிங் செய்தார்களா?

இரண்டாவது என்றால், வெல்டிங் சூட்டில் பூச்சு எரிந்திருக்கும். அந்த இடத்தைச் சுத்தம் செய்து, துத்தநாகத்தூள் மிகுந்த சாயம் பூசச் சொல்லுங்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரலாம். அவருக்குக் காற்றோட்டமும் முகக்கவசமும் தேவை.

பேராக் மழைக்குத் தப்ப, இரும்புக்குச் சட்டை கிழியாமல் இருக்க வேண்டும்.